நாளை காலை பத்து மணி வரை ஒட்டக் கூடாது

1

இந்தக் கதை ஒரு துக்க விசாரிப்பில் பிறந்தது. அதுவும் பதினான்கு மாதம் தாமதமாக வந்த விசாரிப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், என் மனைவி வேலை பார்த்த பஸ் கட்டும் தொழிற்சாலையின் டிரைவர் நிற்கிறார். கட்டி முடித்த பஸ்ஸை முதன்முதலில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று மகனோடு போய் இருந்துவிட்டாராம். என் மனைவி இறந்த செய்தி இப்போதுதான் காதில் விழுந்ததாம்.

"தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன் சார்," என்றார். உட்கார்ந்தார். கொஞ்சம் அழுதார். தேநீர் கொடுத்தேன். அழுதவர்கள் தேநீர் குடித்தால் பழைய கதை வரும். அவருக்கும் வந்தது. சொல்லச் சொல்லச் சிரிப்பும் வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுக் கும்பிடு போட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் எழுந்திருக்கவில்லை. என் மனைவி பதினோரு வருடமாக என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஏன் மறைத்தாள்? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கதை. கூடவே வாழ்ந்தவளைப் புரிந்துகொள்ள ஒரு மனிதன் கதை எழுத உட்கார்ந்தால், அவன் எந்த லட்சணத்தில் குடும்பம் நடத்தியிருப்பான் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் எழுத்தாளன் இல்லை. முப்பத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவன். பிறர் வாக்கியங்களில் பேன் பார்த்தவன். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் உடனே அதில் பேன் தேட ஆரம்பித்துவிடுகிறேன். அதனால் இது மெதுவாகத்தான் நகரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

மழை வலுத்துக்கொண்டிருந்தது. அவள் பஸ்ஸின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி,

(மழை பெய்யவில்லை. மண்டை பிளக்கும் வெயில். நான் திருத்திய நாவல்களில் பாதி மழையில் தொடங்கின. மீதிப் பாதி மழை நின்றதும் தொடங்கின. பழக்கதோஷம்.)

இரண்டாம் தொடக்கம்:

சமதளப் பொருத்துச் சாளரம் என்பது பேருந்தின் புறத்தகட்டுக்கு இணையான மட்டத்தில், சட்டகத்தின் துணையின்றி,

(பின்னால் நின்று எட்டிப் பார்த்த என் மகள், "பரீட்சை எப்போப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.)

மூன்றாம் தொடக்கம், இதை அடிக்காமல் விடுகிறேன்:

அவளுக்குத் தொழிற்சாலையில் 'கண்ணாடியம்மா' என்று பெயர். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, கையில் ஒரு கண்ணாடி என்பதால் வந்த பெயர். பஸ் சன்னல்களை வரைவது அவள் வேலை. உங்களுக்குத் தெரிந்த சாதாரண பஸ்ஸில் சன்னல் ஒரு சட்டத்துக்குள் இருக்கும், சட்டத்தைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் இருக்கும். வெளிப்பக்கம் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தால் தகடு, ரப்பர், சட்டம், கண்ணாடி என்று ஒவ்வொரு இடத்திலும் விரல் தடுக்கும். விரல் தடுக்கிற இடமெல்லாம் தூசி சேரும், தண்ணீர் தங்கும், துரு ஏறும். அவள் கேட்டது ஒன்றுதான். சட்டமும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம், கண்ணாடியை நேராக பஸ்ஸின் உடம்பில் பசை வைத்து ஒட்டிவிடலாம். தகடும் கண்ணாடியும் ஒரே மட்டம்.

இதற்குத் தொழிலில் 'ஃப்ளஷ்' என்று பெயர். முதன்முதலில் இதை அவள் முதலாளியிடம் சொன்னபோது அவர், "அது பாத்ரூம்ல இல்லம்மா இருக்கும்?" என்றாராம். அறையே சிரித்ததாம். அன்று வீட்டுக்கு வந்து, இதற்கு நல்ல தமிழில் ஒரு வார்த்தை கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் இரண்டு நாள் யோசித்து 'உடலொட்டுச் சாளரம்' என்று கொடுத்தேன். அவள் அதை மரியாதையாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் தொழிற்சாலையில் 'தடுக்காத கண்ணாடி' என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. என் வார்த்தை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.*

* பார்த்தீர்களா? அவள் சொல்லாமல் விட்டதில் இது முதலாவது. நான்தான் கவனிக்கவில்லை.

அந்தக் கண்ணாடிக்காக அவள் ஏழு வருடம் மல்லுக்கு நின்றாள். காகிதத்தில் பஸ் நேராக இருக்கும். தரையில் நிற்கும் பஸ், புகைப்படத்துக்காக வயிற்றை எக்கிக்கொண்ட ஆள் மாதிரி எங்காவது ஓரிடத்தில் புடைத்திருக்கும். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், எட்டுக் கண்ணாடிக்கும் அதே ஆறு. ஒன்றில் ஏழு வந்தால், தூரத்தில் இருந்து பார்க்கும்போது பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். பசை மெல்லியதாக இருந்தாலும் ஆபத்து. "பஸ் பள்ளத்துல இறங்குறப்போ உடம்பை முறுக்கும்ங்க. கண்ணாடி முறுக்காது. நடுவுல இருக்கிற பசைதான் விட்டுக்கொடுக்கணும்," என்பாள். நான் செய்தித்தாளின் மறுபக்கத்தில் இருந்து "ம்" என்பேன்.*

* மேற்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் நகரும் கண்ணாடி வைக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தாள். முழுக்க மூடியிருந்தால் போதும், குளிர்சாதனம் இருக்கிறதே என்றார் முதலாளி. "டாட்டா காட்டுறவங்க கை எங்க போகும் சார்?" என்று கேட்டாளாம். இந்த அடிக்குறிப்பு கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவையாக இருக்கிறது.

3

இனி சம்பவம்.

முதலாளி கடைசியில் ஒரே ஒரு பஸ்ஸுக்குச் சம்மதித்தார். வாங்குகிறவர்கள் வியாழக்கிழமை வந்து பார்ப்பார்கள். பிடித்தால் இனி எல்லா பஸ்ஸும் தடுக்காத கண்ணாடி. பிடிக்காவிட்டால் பழையபடி ரப்பர், அத்தோடு பேச்சு முடிந்தது. அவளுடைய ஏழு வருடம் அந்த வியாழக்கிழமையில் தொங்கியது.

திங்கட்கிழமை காலை இடதுபக்கம் எட்டுக் கண்ணாடியும் ஒட்டி முடித்தார்கள். பசை இறுக ஒரு முழு நாள் வேண்டும். அதுவரை கண்ணாடி சின்னச் சின்ன ஆப்புகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பஸ்ஸை அசைக்கவே கூடாது. ஆகவே டிரைவர் கதவில் ஓர் அறிவிப்பு மாட்ட வேண்டியிருந்தது.

அவளுடைய கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். அதனால் அதை எழுதியது அலுவலகத்தில் இருந்த ஒரு கிளார்க். ஒல்லியான ஆள். முத்து முத்தான கையெழுத்து, ஆனால் கவனம் போதாது. அப்போதுதான் நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோயிருந்ததால், தடிமனான பேனாவைப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியாக எங்கோ பார்த்தபடி,

(இந்தக் கிளார்க்குக்கு இடது புருவத்தில் ஒரு மச்சம்கூட வைத்தேன். ஒரு பக்கம் முழுக்க அவன் சோகத்தை எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.)

அந்த மதியம் டிரைவருக்குப் பஸ்ஸை எடை மேடைக்குக் கொண்டுபோகும் வேலை இருந்தது. கண்ணாடியம்மா அப்போது சாப்பிடப் போயிருந்தாள். அறிவிப்பை டிரைவர் பார்த்தார். படித்தார். ஏறி வண்டியை எடுத்தார்.

தொழிற்சாலை வாசலில் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கும்போது நாலு கண்ணாடிகள் ஒரு விரல் அளவு கீழே சரிந்தன. வெளியே சாலை வளைவில் ஐந்தாவது கண்ணாடி பஸ்ஸை விட்டுப் பிரிந்து தெருவில் விழுந்து, கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாகச் சிதறியது. நல்லவேளை, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. டிரைவர் இறங்கி, தோளில் கிடந்த துண்டில் கண்ணாடித் துணுக்குகளை அள்ளிக் கட்டிக்கொண்டு, நத்தை வேகத்தில் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

கண்ணாடியம்மா ஓடி வந்தாள். "என்னங்கண்ணே இது? கதவுல எழுதி மாட்டியிருந்துதே, படிக்கலையா?"

"படிச்சேனேம்மா."

"படிச்சுட்டுமா எடுத்தீங்க?"

"நீங்களே படிங்க. 'புதுக் கண்ணாடி. நாளை காலை பத்து மணி வரை ஒட்டக் கூடாது.' சரி, நம்பர் ஸ்டிக்கர், கம்பெனி ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட வேண்டாம்னு சொல்றாங்கன்னு நினைச்சேன். நான் ஒண்ணும் ஒட்டலையேம்மா. வண்டியை ஓட்டத்தானே செஞ்சேன்!"

'ஓ' எழுதும்போது கீழே ஒரு சுழி வர வேண்டும். வரவில்லை. ஓட்டக் கூடாது என்பது ஒட்டக் கூடாது ஆகிவிட்டது. ஒரு சுழி. அரிசியை விடச் சிறியது.

4

இதுவரை எழுதியதை மகள் வாங்கிப் படித்தாள். சமையலறையில் நின்றபடி ஒரு கையில் கரண்டியோடு படித்தாள். மூன்றாம் பகுதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"யாருப்பா இந்த கிளார்க்?"

"ஒரு பாத்திரம்மா."

"அம்மா ஆபீஸ்ல அப்படி யாரும் கிடையாதே."

"கதைக்காக."

"கல்யாணம் நின்னுபோச்சு, மச்சம் இருக்கு… இவ்வளவு பாவப்பட்டவனைக் கொண்டுவந்து பழியை அவன் தலையில போடறீங்களே, நியாயமாப்பா?"

கரண்டியை என் பக்கம் நீட்டியபடி நின்றாள். கிளார்க்கை அன்று மாலையே வேலையை விட்டு நீக்கினேன். ஒல்லி உடம்பு, புருவம், மச்சம், நின்றுபோன கல்யாணம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லவன்.

எழுதியது நான்.

அந்தத் திங்கட்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில், அவள் அட்டையையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்து, "உங்க கையெழுத்துல எழுதிக் கொடுங்க, எல்லாருக்கும் புரியும்," என்றாள். நான் எழுதினேன். எழுதிவிட்டு அட்டையைத் தூரத்தில் பிடித்து அழகு பார்த்தேன். "பாரு, அச்சுல வார்த்த மாதிரி இருக்கு," என்றேன். முப்பத்தாறு வருடம் பிறர் சுழிகளை எண்ணிக்கொண்டிருந்தவன், சொந்தச் சுழியைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டேன்.

டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்ன மீதியையும் இப்போது எழுதலாம்.

"அம்மா அந்த அட்டையைக் கழட்டிப் படிச்சாங்க சார். ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாங்க. முதலாளி வந்து குதிக்கிறாரு, எந்த மடையன் எழுதினதுன்னு. அம்மா, 'நான்தான் சார் எழுதினேன்'னுட்டாங்க. அம்மா கையெழுத்து எங்க யாருக்குமே படிக்க வராது, எழுதினா அவங்களே வந்து படிச்சுக் காட்டணும். நாங்க எல்லாரும் அவங்க மூஞ்சியைப் பாக்கறோம். யார் எழுதிக் கொடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் வாயே திறக்கலை."

அவருக்கு அது இன்று வரை தெரியாது. என்னிடமே கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது," என்றேன்.

(ஒரே சம்பவத்துக்குக் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பொய். அதில் எது நல்ல பொய் என்று பிரித்துச் சொல்ல உங்கள் உதவி தேவைப்படாது.)

5

பசையைக் கம்பியால் அறுத்து, கண்ணாடிகளைக் கழற்றி, சுரண்டித் துடைத்து, திரும்ப ஒட்ட ஒன்பது நாள் ஆயிற்று. வியாழக்கிழமை போயிற்று. வந்தவர்களைக் கெஞ்சி அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அவர்கள் வந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், விரல் தடுக்கவில்லை. பஸ் தேறியது. ஆனால் வரைபடப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அந்த வருடம் அவளுக்கு வர வேண்டியது, இன்னொருவருக்குப் போயிற்று. 'ஒரு போர்டுகூட ஒழுங்காக எழுதத் தெரியவில்லையே' என்று முதலாளி சொன்னாராம்.

இனி நான் எழுத விரும்பாத பகுதி. இதற்கு ஐந்து வரைவு எழுதினேன். ஐந்திலும் நான் கொஞ்சம் நல்லவனாக வந்தேன். ஆறாவது இது:

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். முழங்கை வரை கறுப்புப் பசை. என்ன ஆயிற்று என்றேன். "கண்ணாடி சரிஞ்சுபோச்சுங்க. பசை சரியில்லை," என்றாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். முகத்தில் ஒரு கனிவை வரவழைத்துக்கொண்டேன். சொன்னேன்:

"எதையுமே முடிச்சதுக்கு அப்புறம் இன்னொரு தடவை நிதானமா பார்க்கணும்மா. எங்க தொழில்ல அதான் முதல் பாடம். தப்புங்கிறது நம்ம கண்ணு முன்னாடியே உட்கார்ந்திருக்கும். நமக்குத்தான் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"ஆமாங்க," என்றாள். "பார்க்கணும்."

பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பசையைக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். "தண்ணி வீணாகுது பார்," என்று வெளியிலிருந்து ஒரு குரலும் கொடுத்தேன். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

6

கதை இங்கே நிற்கிறது. மூடிய கதவு, உள்ளே குழாய்ச் சத்தம். முடிவு அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. அவள் உள்ளே சிரிக்கிறாள். வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். நான் கொடுத்த அறிவுரை அவளுக்கு ஆயுள் முழுக்கப் போதுமான நகைச்சுவை. யாரிடமும் பங்கு போடாமல் தனியாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அதனால் மறைத்தாள்.

இரண்டாம் முடிவு. அவள் கோபத்தில் இருக்கிறாள். கொட்டினால் அள்ள முடியாது என்பதால் தண்ணீரோடு கொட்டிவிட்டு வருகிறாள். அதன் பிறகு அவள் எனக்குக் கொடுத்த எந்தக் கோப்பைத் தேநீரிலும் அந்தக் கோபம் ஒரு சொட்டு இருந்திருக்கலாம். எனக்கு ருசி தெரியவில்லை.

மூன்றாம் முடிவு. இதை எழுத ஆரம்பித்து மூன்று முறை நிறுத்தினேன். அந்த மாதத்தில்தான் அச்சகத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு பாடப்புத்தகத்தைக் காட்டினார்கள். நான் பார்த்து அனுப்பிய பக்கங்களில் நாலு பிழை. கண் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டதை, சோற்றில் கையை வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருப்பாள். ஆறுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண் அது. அப்படியானால் அவள் அந்த அட்டையை இரண்டு தடவை படித்தபோது, சுழி இல்லாததைப் பார்த்திருக்க மாட்டாள். என் கண் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பாள். பாவம், இந்த மனிதருக்கு இதுவும் தெரிய வேண்டாம் என்று

நிறுத்திவிட்டேன். சிரித்திருந்தால் சந்தோஷம். கோபித்திருந்தால் எனக்குத் தகும். ஆனால் பரிதாபப்பட்டிருந்தால், அதன் பிறகு வந்த அத்தனை வருடமும் நான் அவளுக்கு வீட்டுக்காரனா, இல்லை மேலே 'உடையும் பொருள்' என்று எழுதிய பெட்டியா? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். டிரைவர் போன நாளிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் உட்கார வைத்து எழுத வைத்தது இதுதான்.

7

மகள் ஆறாம் பகுதியையும் படித்தாள். இந்த முறை உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்துத் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, மேசையில் வைத்தாள்.

"மூணும் தப்புன்னா என்ன பண்ணுவீங்க?"

"நாலாவது யோசிப்பேன்."

"யோசிக்கவே வேண்டாம்பா. அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன். பத்தாவது பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க 'தண்ணி வீணாகுது'ன்னு கத்திட்டுக் கீழ வாக்கிங் போயிட்டீங்க. அம்மா வெளிய வந்து எங்கிட்ட அந்த அட்டையைக் காட்டினாங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. (அல்லது ஓட்டிக்கொண்டது. இனி எதை நம்புவது?)

"காட்டி?"

"சொன்னாங்க. ஏன் உங்ககிட்ட சொல்லப்போறதில்லைன்னு சொன்னாங்க. என்னையும் சொல்லக் கூடாதுன்னாங்க."

"இத்தனை வருஷம் நீயும்…"

"அம்மா கேட்டுக்கிட்டாங்கல்ல." தாள்களின் ஓரத்தை இன்னொரு முறை தட்டினாள். "நீங்களா வந்து கேட்டா சொல்லலாம்னு நினைச்சிருந்தேன். நீங்க கேட்கவே மாட்டீங்கன்னும் நினைச்சேன். என்னைக்கு எங்களை ஏதாவது கேட்டிருக்கீங்க? திருத்தத்தான் செய்வீங்க."

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். இஸ்திரிப் பெட்டியின் 'டொக்' சத்தம் கேட்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது.

அன்பான வாசகரே, ஒரு கதாசிரியனின் அவமானத்தைப் பாருங்கள். மூன்று முடிவுகளை மூளையைக் கசக்கி எழுதினேன். உண்மையான முடிவு பன்னிரண்டு அடி தூரத்தில் ரவிக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறது. நான் கேட்க வேண்டியது இரண்டே வார்த்தை. அதைக் கேட்காமல் இதோ இன்னொரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்தி நன்றாக வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

8

போய்க் கேட்டேன்.

சொன்னாள்.

நான் எழுதிய மூன்றில் ஒன்றுதானா, மூன்றும் கொஞ்சம் கொஞ்சமா, மூன்றிலும் சேராத வேறொன்றா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே உட்கார்ந்து திருத்துவேன். ஒரு சொல்லை மாற்றுவேன், அப்புறம் இன்னொன்றை. பத்து நாளில் அது என் வாக்கியமாகிவிடும். அது என் மனைவியின் வாக்கியம். அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு முடிவு வேண்டுமானால் மேலே இருக்கிற மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சொந்தமாக ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் பக்கத்து அறையில் யாராவது இருந்தால், எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்டதும், அவள் மடித்து வைத்திருந்த துணிகளின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். "அப்பா, இஸ்திரி போட்டது," என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லு," என்றேன். சொன்னாள். சுவிட்சை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவள் அதைத் தன் குரலில் சொல்லவில்லை. அம்மாவின் குரலில் சொன்னாள். "ஏன்னா உங்கப்பா" என்று தொடங்கும்போது அந்த 'பா'வைச் சற்றே இழுப்பாளே, அந்த இழுப்போடு சொன்னாள்.